தாழ்த்திய காரை வீட்டில் தூக்குவது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

வணக்கம். சிட்டி கோல்ஃப், போலோ என்று ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தி ஓட்டுகிற தம்பிகள் நம் பக்கத்தில் நிறைய. ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே செய்கிறார்கள். ஜாக் வாங்க என்னிடம் யோசனை கேட்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன் வாங்கலாம் அண்ணா?" என்றுதான். சிட்டி கோல்ஃப் முழு வண்டியே ஒரு டன் வராது. இரண்டு டன் ஜாக் தாராளம். பார்க்க வேண்டியது உயரம்.

சக்கரத்தில் உருளும் சாதாரண ட்ராலி ஜாக்கை முழுக்க இறக்கினாலும், காரைத் தாங்கும் அதன் தட்டு தரையிலிருந்து 130 மி.மீ. வாக்கில் நிற்கும். தாழ்ந்த காருக்கென்று வருவது 75, 80 மி.மீ. வரை இறங்கும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது இந்த எண் மட்டும்தான். ஆனால் தட்டுக்குப் பின்னால் ஜாக்கின் முதுகு ஏறிக்கொண்டே போகும். கைப்பிடி செருகும் இடம் தட்டைவிட நல்ல உயரம். கதவோரம் வைத்துத் தூக்கும்போது அந்தப் பகுதி வெளியே நின்றுவிடும், தொல்லை இல்லை. முன்பக்கமாக நுழைத்து, இன்ஜினுக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் வைக்கப் போனால் தட்டு உள்ளே போய்விடும், முதுகு பம்பரில் முட்டும். முட்டாவிட்டாலும் கைப்பிடியை அடிக்க இடம் இருக்காது.

ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுங்கள். பம்பரின் அடி எவ்வளவு உயரம், தூக்கும் இடம் எவ்வளவு உயரம், பம்பர் நுனியிலிருந்து அந்த இடம் எவ்வளவு உள்ளே என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் ஜாக்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லி அதே டேப்பால் அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எங்கள் வீட்டுப் போலோவுக்கு, கடையில் கூரை வேலைக்கென்று விற்கிற 38 மி.மீ. பைன் பலகை வைத்திருக்கிறேன். டயரைவிட அகலமானது. முன்சக்கரங்களை அதன்மேல் மெதுவாக ஏற்றி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டால் ஜாக் தாராளமாக உள்ளே போகிறது. சக்கரத்தை ஏற்றி நிறுத்துகிற சாய்தளம் வாங்கினாலும் இதே பலகை முன்னால் வேண்டும். இல்லையென்றால் டயர் ஏறும் முன்பே பம்பர் இடித்துவிடும்.

தூக்கிய காரைத் தாங்கி நிறுத்துகிற ஸ்டாண்டையும் ஜாக்கோடு சேர்த்தே வாங்குங்கள். கடையில் கிடைக்கும் பல ஸ்டாண்டுகளின் குறைந்தபட்ச உயரமே 270, 280 மி.மீ. இருக்கும். ஜாக் அதைத் தாண்டித் தூக்கினால்தான் ஸ்டாண்டு கீழே போகும். தாழ இறங்குகிற ஜாக் எல்லாம் மேலேயும் நன்றாக ஏறும் என்று நினைக்காதீர்கள்.

பீனிக்ஸிலிருந்து:

அண்ணா உயரத்தைச் சொல்லிவிட்டார், நான் தரையைச் சொல்கிறேன். நம் வீடுகள் பாதி மேட்டில் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒருவர் சரிவான டிரைவ்வேயிலேயே பின்பக்கத்தைத் தூக்கினார். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தார், ஆனால் அது பிடிப்பது பின்சக்கரங்களைத்தானே? அவை அந்தரத்தில். கியரும் போடவில்லை, முன்சக்கரத்துக்குக் கட்டையும் இல்லை. சக்கரத்தைக் கழற்றி முடித்த நேரம் வண்டி முன்னால் நகர்ந்தது. ஜாக் சாய்ந்து தட்டு நழுவியது. கழற்றிய சக்கரத்தை அவர் கதவுக்குக் கீழே படுக்க வைத்திருந்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. தகடு நசுங்கியது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தெருவே வெளியே வந்தது.

இன்னொன்று. தூக்கத் தூக்க ட்ராலி ஜாக் கொஞ்சம் உருளும், உருள வேண்டும். அதனால் சரளைக் கல், புல் தரை ஆகாது. தாரோ வெயிலில் இளகிவிடும், ஸ்டாண்டின் கால் அமுங்கும். அடியில் கெட்டியான பிளைவுட் போடுங்கள். சிமென்ட் பிளாக்கை ஸ்டாண்டாக வைக்கவே வைக்காதீர்கள். விரிசல்கூடக் காட்டாமல் நொறுங்கும்.

டோங்காட்டிலிருந்து:

தம்பிகளா, கடல் காற்றை மறந்துவிடாதீர்கள். பழைய கோல்ஃபில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பு வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். ஜாக் வைக்கும் முன் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்ந்தால் அங்கே தூக்காதீர்கள். விளிம்பு நல்லதாக இருந்தாலும், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை ஜாக் தட்டில் வையுங்கள், விளிம்பு மடங்காது.

பணம் இருப்பவர்கள் குயிக்ஜாக் மாதிரி, வண்டிக்கு அடியில் இருபுறமும் தள்ளிவைத்துத் தூக்குகிற ஃபிரேமைப் பார்க்கலாம். மடங்கிய நிலையில் சுமார் 76 மி.மீ. தான். மற்றவர்களுக்கு நல்ல ஜாக்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் போதும்.

ஸ்டாண்டில் உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற பல்லைக் கவனியுங்கள். 2020ல் அமெரிக்காவில் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல்லும் கொக்கியும் சரியாகப் பிடிக்காமல், பாரம் அசைந்தால் இறங்கிவிடும் அபாயம் இருந்ததுதான் காரணம். குறுக்கே ஊசி செருகும் வகை கிடைத்தால் நான் அதையே எடுப்பேன். வண்டியை ஸ்டாண்டில் இறக்கியதும் பக்கவாட்டில் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டு துளி நகர்ந்தாலும் மறுபடி தூக்கி, சரியாக வைத்து, மறுபடி ஆட்டிப் பார்த்த பிறகே கீழே போங்கள்.