துடைத்துத் துடைத்தும் திரும்பி வரும் துரு: பழைய சோலிங்கன் சவரக்கத்திக்கு என்ன வைத்தியம்?

பழசுப்பெட்டி
வணக்கம். பழைய மடக்குச் சவரக்கத்திகள் சேர்க்கிறேன். காரைக்குடிப் பக்கம் போனபோது ஒன்று வாங்கினேன். அலகின் கழுத்தில் ‘சோலிங்கன்’, ‘ஜெர்மனி’ என்ற எழுத்துகள் மட்டும் தெரிகின்றன, கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. அகலம் 5/8 அங்குலம், இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்து அரைத்த மெல்லிய அலகு. பிடி வெள்ளை, அதில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. தந்தமாக இருக்கலாம் என்று விற்றவர் சொன்னார்.

பிரச்சினை துருதான். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெட்டல் பாலிஷ் போட்டு, தையல் மிஷின் எண்ணெய் தடவி மூடி வைத்தால் சில நாளிலேயே மறுபடி செம்புள்ளிகள் வருகின்றன. நான் இருப்பது திருச்சி, கடல் காற்றும் கிடையாது. இப்போது அதே டப்பாவில் இருக்கும் இன்னொரு நல்ல கத்தியிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது. இதில் சவரம் செய்ய வேண்டும் என்பதும் ஆசை. யாராவது வழி சொல்லுங்கள்.

அடையாறுக்காரன்
ஈரப்பதம்தான் காரணம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து சேர்த்து வையுங்கள். எண்ணெயை இன்னும் தாராளமாகத் தடவுங்கள்.

தோல்வார்
கொஞ்சம் பொறுங்கள், காற்றுப் புகாத டப்பா வேண்டவே வேண்டாம். முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். துரு அலகு முழுக்க வருகிறதா, பிடிக்குள் மடங்கும் பகுதியில் மட்டுமா? பிடியை மூக்கருகே கொண்டுபோனால் என்ன வாசனை? பிடியில் அடித்திருக்கும் பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சை ஏறியிருக்கிறதா?

பழசுப்பெட்டி
பார்த்தேன் அண்ணா. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனிக்கிறேன், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஒரு புள்ளி இல்லை. பிடிக்குள் போகும் பகுதியில் மட்டும், அதுவும் நடுவில் பட்டையாக வருகிறது. வாசனை கற்பூரம் மாதிரி, கூடவே மூக்கில் ஏறுகிற ஒரு நெடி. ஆணியைச் சுற்றிப் பச்சை நன்றாகவே இருக்கிறது. பிடியின் ஓர் ஓரத்தில் கண்ணாடியில் விரிசல் விட்டதுபோல் நுண்கோடுகளும் இருக்கின்றன.

தோல்வார்
அப்படியானால் சந்தேகமே இல்லை. உங்கள் பிடி தந்தம் அல்ல, செல்லுலாய்டு. கத்தியைத் துருவேற்றுவதும் அந்தப் பிடிதான்.

செல்லுலாய்டு என்பது பருத்தி நாரை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துச் செய்வது. 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹயாட் என்பவர் தந்தப் பில்லியர்ட்ஸ் பந்துக்கு மாற்று தேடியபோது உருவாக்கியது. பிறகு சீப்பு, பொம்மை, பிலிம் சுருள், கத்திப் பிடி எல்லாம் அதில் வந்தன. காலப்போக்கில் அது தானாகவே சிதைய ஆரம்பிக்கும். கற்பூரம் வெளியேறும், அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் கசியும். அந்த வாயு காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகு அந்த அமில ஆவியிலேயே ஊறுகிறது, வால் வெளியே இருப்பதால் தப்பித்துவிடுகிறது. பித்தளை ஆணி பச்சை பிடிப்பதும் இதனால்தான். எண்ணெய் இதைத் தாங்காது. டப்பாவை இறுக மூடினால் வாயு உள்ளேயே தேங்கிப் பிடி இன்னும் வேகமாகச் சிதையும், பக்கத்துக் கத்தியையும் பிடிக்கும். உங்களுடைய இரண்டாவது கத்திக்கு நடந்தது இதுதான். இன்றே அதைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

அடையாறுக்காரன்
இது எனக்குப் புதுத் தகவல். ஆனால் தந்தம் இல்லை என்று உறுதியாகத் தெரிய, ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் ஒரு மூலையில் வைத்துப் பார்க்கலாமே?

தோல்வார்
தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். செல்லுலாய்டு பொசுக்கென்று தீப்பிடிக்கும், பழைய சினிமாக் கொட்டகைகள் எரிந்தது இதே நைட்ரேட் பிலிமால்தான். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். செல்லுலாய்டில் கோடுகள் நூல் பிடித்ததுபோல் ஒரே சீராக, இணையாக ஓடும். யானைத் தந்தத்தைக் குறுக்காக வெட்டிய முகத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலைபோல் தெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜத் தந்தமாக இருந்தால் அதை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘தந்தப் பிடி’ என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

பழசுப்பெட்டி
சரி அண்ணா, பிடியைக் கழற்ற முடிவு செய்துவிட்டேன். எப்படிக் கழற்றுவது? கத்தி உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தோல்வார்
அலகின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். ஆணித் தலையைச் சுற்றிப் பிடியிலும் ஒட்டுங்கள். சின்ன முக்கோண அரத்தால் தட்டிய தலையை மட்டும் தேய்த்து எடுத்தால் வாஷர் கழன்று வரும், பிறகு மெல்லிய பஞ்ச் (ஆணியைத் தட்டி வெளியேற்றும் இரும்புக் கம்பி) வைத்து ஆணியைத் தட்டி இறக்கலாம். அலகு மாட்டியிருக்கும் முனையில் அவசரமே கூடாது, பக்கவாட்டில் நெம்பினால் மெல்லிய எஃகு பட்டென்று போய்விடும். கழன்றதும் அலகை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் அமிலம் முறியும். உடனே துடைத்துக் காயவைத்து அப்புறம் பாலிஷ். மோட்டாரில் சுழலும் பஃபிங் சக்கரத்தில் மட்டும் வைக்காதீர்கள். அலகைப் பிடுங்கி எறிந்தால் ஆளுக்கே ஆபத்து, சூடு ஏறினால் எஃகின் பதமும் போய்விடும்.

சலூன்வீட்டுப்பிள்ளை
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை சலூன் தொழில், பாதி பிளேடு மாட்டும் கத்தி வருவதற்கு முன்னால் இந்த மாதிரிக் கத்திகள்தான் கையில் இருந்தன. பிடியைப் பற்றித் தோல்வார் அண்ணன் சொன்னது சரி. ஆனால் தம்பி சவரம் செய்ய ஆசைப்படுவதால் அலகைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன்.

புதுப் பிடிக்குச் செலவு செய்வதற்கு முன்னால் அலகின் கூரைப் பாருங்கள். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். துருக்குழி முதுகிலோ நடுவிலோ இருந்தால் அது வெறும் தழும்பு, பயமில்லை. குழி கூர் வரைக்கும் வந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் நொறுங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் கத்தியை விளக்குக்குக் கீழே கூர் மேலே பார்க்க நிறுத்துங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது, எங்கே புள்ளியாக மின்னுகிறதோ அங்கே பல் விழுந்திருக்கிறது. விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அலகை நகத்தால் சுண்டுங்கள். உங்களுடையது மெல்லிய அலகு, கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் கழுத்தருகே மயிரிழை விரிசல் இருக்கலாம்.

முதுகையும் பாருங்கள். இந்தக் கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் கூரும் சேர்ந்துதான் கல்லில் படும், சாய்வை நிர்ணயிப்பதே முதுகு. சலூனில் உழைத்த கத்தி என்றால் முதுகு தட்டையாகத் தேய்ந்திருக்கும். இரண்டு பக்கமும் சீராகத் தேய்ந்திருந்தால் ஒன்றும் இல்லை. ஒரு முனையில் மட்டும் அதிகம் தேய்ந்து கூரும் உள்வாங்கியிருந்தால் அதைச் சரிசெய்யப் பாதி அலகு போய்விடும். காசு கொடுப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது இதைத்தான், முத்திரையெல்லாம் அப்புறம்.

இன்னொன்று, தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சக்கரம் அருவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஆனது. பொறி பறந்து எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்தக் கூர் பிறகு நிற்காது. 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) கல்லில் சாய்வை உட்கார வைத்து, 4000, 8000 என்று ஏறி, கடைசியாகத் தோல் வார். வாரில் முதுகு முன்னால் போக இழுக்க வேண்டும், கூரை முன்னால் விட்டால் வாரும் போகும் கூரும் போகும்.

பழசுப்பெட்டி
மிக்க நன்றி அண்ணா. யார் முகத்தில் பட்ட கத்தியோ என்றும் யோசனையாக இருக்கிறது. அப்புறம், இது எந்தக் காலத்தது என்று சொல்ல முடியுமா?

தோல்வார்
மஞ்சள்காமாலை பி வைரஸ் உலர்ந்த பரப்பில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும், அதற்குமேல் டப்பாவில் கிடந்த கத்தியில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் துருவை முழுக்க எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்துவிட்டே முகத்தில் வையுங்கள். இனி அதை உங்களைத் தவிர யாரும் பயன்படுத்த வேண்டாம்.

காலத்தைத் தோராயமாகச் சொல்லலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது, அதன்பிறகுதான் ‘ஜெர்மனி’, ‘இங்கிலாந்து’ என்ற முத்திரைகள் பெருகின. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்குப் பிந்தையது. உங்களுடையதில் வெறும் ‘ஜெர்மனி’, அதோடு செல்லுலாய்டுப் பிடி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி என்று வைத்துக்கொள்ளலாம். சோலிங்கன் என்பது கம்பெனி அல்ல, ஊர். அங்கே பட்டறைகள் ஏராளம், ஊர்ப் பெயருக்காக மட்டும் விலை ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

பழசுப்பெட்டி
பிடியைக் கழற்றிவிட்டேன். ஆணி பாதிக்குமேல் அரித்துப் போயிருந்தது. சோடாத் தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவிக் காற்றோட்டமாக வைத்ததிலிருந்து புதுத் துரு வரவில்லை, இரண்டாவது கத்தியும் தேறிவிட்டது. கூர் வரைக்கும் வந்த குழி நுனியில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. புதுப் பிடி எதில் போடலாம்? கழற்றிய பிடியை என்ன செய்வது?

சலூன்வீட்டுப்பிள்ளை
நுனியில் மட்டும் என்றால் அந்த முனையைக் கல்லில் மெதுவாக உருட்டி எடுத்துவிடலாம், கத்தி பிழைத்தது. பிடிக்கு மாட்டுக்கொம்பு போடுங்கள், இல்லையென்றால் ஈட்டி மரம். ஆணிக்கு 1/16 அங்குலப் பித்தளைக் கம்பி.

தோல்வார்
பழைய பிடியை வைத்திருக்க வேண்டுமென்றால் காகிதத்தில் சுற்றி, மற்ற கத்திகளிலிருந்து தள்ளி, திறந்த தட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பூஜை அறை, அடுப்படி பக்கம் மட்டும் வேண்டாம்.