எருக்கலையா, கறிவேப்பிலையா: ஊர் வண்ணத்துப்பூச்சியில எது முதல்?

மட்டக்களப்பு வாவியின்ர கிழக்குப் பக்கத்து எழுவான்கரையாரும் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையாரும் வாதாடுகினம், இடையில வாவிக்கரையாரும் வருவார்.

எழுவான்கரை:
கல்லடிப் பக்கத்து மணலில எருக்கலை நிற்கிற இடமெல்லாம் பறக்கிற பிளெய்ன் டைகருக்குத்தான் என்ர வாக்கு. செம்மஞ்சள் செட்டை, கறுப்பு நுனி, அதுக்குள்ள வெள்ளைப் பட்டை. புழுவா இருக்கேக்க திண்ட எருக்கலைக் கசப்பு உடம்பில ஏறினதால குருவிக்குப் பயமில்லாமல் ஆறுதலாப் பறக்கும். பின்செட்டை நடுவில கறுப்புப் புள்ளி நாலெண்டால் ஆண், மூண்டெண்டால் பெண். கண்டவுடனே ஆளைச் சொல்லலாம்.

படுவான்கரை:
கண்டவுடனே சொல்லேலாது அண்ணே. டனய்ட் எக்ஃபிளை எண்ட வேற இனத்துப் பெண்ணும் அதே செம்மஞ்சள்தான். அதுக்குப் பின்செட்டையின்ர மேல்விளிம்பில ஒரு பெரிய பொட்டு மட்டும், நடுவில ஒண்டும் இராது. அதைப் பார்த்துத்தான் பிரிக்கோணும்.

நான் கறிவேப்பிலையில வளருற கொமன் மோர்மன் பக்கம். ஒரே இனத்துப் பெண்ணுக்கு மூண்டு கோலம்: ஒண்டு ஆணைப்போல, ஒண்டு கொமன் றோஸைப்போல, மற்றது கிறிம்சன் றோஸைப்போல. ரெண்டு றோஸும் குருவி தொடாத நச்சு வண்ணத்துப்பூச்சிகள். டபிள்செக்ஸ் எண்ட ஒரே மரபணுதான் இதை ஆட்டிவைக்குது எண்டு 2014இல கண்டுபிடிச்சாங்க. குழம்பினால் உடம்பைப் பாருங்கோ: றோஸுக்குச் சிவப்பு, மோர்மனுக்குக் கறுப்பு.

எழுவான்கரை:
நகலுக்குப் பரிசு குடுக்கிறதெண்டால் அசலான கிறிம்சன் றோஸுக்கே குடுக்கலாமே தம்பி? பிளெய்ன் டைகர் ஒருத்தரையும் பார்த்து உடுக்கேல்ல. மற்றதுகள்தான் அதைப் பார்த்து உடுக்குது. கூட்டுப்புழுவும் அப்படித்தான் அழகு. இளம்பச்சையில பொன்புள்ளி. வெளிவர முதல்நாள் தோல் கண்ணாடியாகி, உள்ளுக்கு மடிஞ்ச செம்மஞ்சள் தெரியும்.

படுவான்கரை:
மோர்மனுக்கு வேசம் செட்டையோட நிக்கிறதில்ல. குஞ்சுப்புழு குருவி எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். இவ்வளவும் வீட்டுக் கறிவேப்பிலையிலயும் தேசியிலயும் நடக்குது, காணாதோ?

வாவிக்கரை:
பள்ளிப்பிள்ளைகள் வளர்க்கிறதெண்டால் மோர்மன்தான் பாதுகாப்பு. எருக்கலைப் பால் கண்ணில பட்டால் பார்வைக்கே கேடு. ஆனால் சந்தையில வாங்கின கறிவேப்பிலை போடாதீங்க. மருந்தடிச்ச இலையெண்டால் கழுவினாலும் புழு சாகும். கொப்பைத் தண்ணிப் போத்தலில வைச்சால் வாயைப் பஞ்சால அடையுங்கோ, இல்லாட்டிப் புழு இறங்கி மூழ்கும். எச்சத்தை ஒவ்வொரு நாளும் கொட்டோணும். ஈரத்தில பூஞ்சணம் பிடிச்சால் முழுக்கூட்டமும் போயிடும்.

எழுவான்கரை:
பாலுக்குக் கையுறை போட்டு, பெரிய ஆள் ஒருவர் வெட்டிக் குடுத்தால் போதும். கூடு கட்டேக்கதான் ரெண்டுக்கும் வித்தியாசம். பிளெய்ன் டைகர் வால்நுனியில தலைகீழாத் தொங்கும், வலைமூடி போதும். மோர்மன் இடுப்பில நூல் கட்டித் தலை மேலே நிற்கும், அதுக்குக் குச்சி வேணும். வழுக்கிற பிளாஸ்டிக் டப்பாவில ரெண்டும் சரிவராது: வெளிவந்த பூச்சி பிடிமானமில்லாமல் விழுந்தால், செட்டை விரியமுந்தியே கோணலாக் காஞ்சுபோகும். பிறகு நிமிர்த்தேலாது.