அம்மா கொடுத்த கிட்னி, வாழ்நாள் முழுக்க மாத்திரை: ட்ரெக் செல்கள் இதை மாற்றுமா?

கேட்டவர்: நெல்லைத்தங்கை

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தியிருக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் என்ற ரத்த அளவும் சரியாக இருக்கிறது. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு என்று, உடம்பு புதுக் கிட்னியை நிராகரிக்காமல் இருக்க மூன்று மருந்து ஓடுகிறது. கை நடுக்கம், அடிக்கடி வரும் தொற்று, இப்போது சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறது.

2025 மருத்துவ நோபல் ‘ஒழுங்குபடுத்தும் டி-செல்கள்’ (சுருக்கமாக ட்ரெக்) பற்றியது என்று படித்ததிலிருந்து அண்ணன் அதே நினைப்பாக இருக்கிறான். இந்தச் செல்களைக் கூட்டிவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களாம். மாத்திரையைத் தொடக் கூடாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், நாங்களும் தொடப்போவதில்லை. ஆனால் விஷயம் புரிய வேண்டும். இந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? நம் உடம்பைத்தானே அவை காக்கும், அம்மாவின் உறுப்பை எப்படிக் காக்கும்?

பதில்: தைமஸ்வாசி

நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை. செல்கள் பற்றிய பகுதியை மட்டும் சொல்கிறேன்.

டி-செல்கள் என்பவை நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, அவற்றில் மற்றவற்றை அடக்கி வைப்பவைதான் ட்ரெக். டி-செல்கள் எலும்பு மஜ்ஜையில் தொடங்கி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்கு வந்து வளர்கின்றன. ஒவ்வொரு செல்லும் தன் ஏற்பியை, அதாவது எதிரே இருப்பதை அடையாளம் காணும் புரதத்தை, மரபணுத் துண்டுகளைக் குத்துமதிப்பாகக் கலைத்துச் சேர்த்து உருவாக்கிக்கொள்கிறது, அதனால் நம் உடம்பையே தாக்கக்கூடிய ஏற்பிகளும் கட்டாயம் வரும். அவற்றைப் பிடிப்பதற்கு தைமஸின் உள்பகுதியில் ஓர் ஏற்பாடு உண்டு. இன்சுலின் போல வேறு உறுப்புகளில் மட்டும் உருவாகும் புரதங்களைக்கூட, ‘ஏர்’ என்ற மரபணுவின் உதவியால் அங்கே உள்ள செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டும். அதை மிகக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் டி-செல் பெரும்பாலும் செத்துவிடும். ஓரளவு பலமாகப் பிடிக்கும் செல்களில் ஒரு பகுதி மட்டும் சாகாமல் வேறு பாதைக்குத் திரும்புகிறது. ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதம் கிடைத்து, ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு விழித்துக்கொண்டால் அது ட்ரெக் செல் ஆகிறது. தன் உடம்பை நன்றாக அடையாளம் தெரிந்த செல்லே காவலுக்குப் போகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம்.

இது தெரிய வந்த கதையும் நீளம். பிறந்து 3 நாளில் தைமஸை எடுத்துவிட்டால் எலிகளுக்குத் தன் உறுப்புகளையே தாக்கும் நோய் வருகிறது. ஆரோக்கியமான எலியின் டி-செல்களைக் கொடுத்தால் அது தடுக்கப்படுகிறது. ஷிமோன் சகாகுச்சி இதை விடாமல் துரத்தி, 1995-இல் தடுக்கும் அந்தச் செல்களின் மேற்பரப்பில், ஐஎல்-2-ஐப் பிடிக்கும் சிடி25 என்ற புரதம் இருப்பதைக் காட்டினார். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், ‘ஸ்கர்ஃபி’ என்ற நோயாளி எலி வகையில் கெட்டுப்போயிருந்த மரபணு ஃபாக்ஸ்பி3 என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய்க்கும் அதே மரபணுதான் காரணம். சகாகுச்சியின் செல்களை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3தான் என்று தெரிந்து, 2003-இல் இரண்டு கதையும் ஒன்று சேர்ந்தது.

தைமஸுக்கு வெளியேயும் ட்ரெக் உருவாகும், முக்கியமாகக் குடலில். சாதாரண டி-செல் ஒன்று டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் இருக்கும் சூழலில் தன் ஏற்பிக்குப் பொருந்தும் பொருளைச் சந்தித்தால் ஃபாக்ஸ்பி3-ஐ இயக்கத் தொடங்கும். ஆனால் தைமஸில் பிறந்தவற்றின் டிஎன்ஏவில் அந்த மரபணு நிரந்தரமாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது, வெளியே உருவானவற்றில் அந்த உறுதி குறைவு. சிகிச்சைக்குச் செல் வளர்ப்பவர்கள் அஞ்சுவது இதைத்தான், ஏனென்றால் ஃபாக்ஸ்பி3 அணைந்துபோனால் காவல் செல்லே தாக்கும் செல்லாக மாறலாம்.

நெல்லைத்தங்கை: மிக்க நன்றி. ஆனால் தன் உடம்பைத் தெரிந்த செல் என்றால் அம்மாவின் கிட்னியை அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: தைமஸ்வாசி

சரியான கேள்வி. பொருத்திய உறுப்பு இரண்டு வழியில் கண்ணில் படுகிறது. தானம் கொடுத்தவரின் செல்களையே நம் டி-செல் நேராகப் பார்ப்பது ஒன்று. அந்த உறுப்பிலிருந்து உதிரும் புரதங்களை நம் செல்கள் விழுங்கி, துண்டாக்கி, தங்கள் மேற்பரப்பில் வைத்துக் காட்டுவது மற்றொன்று. டி-செல்களின் ஏற்பிகள் பலவிதமாக இருப்பதால், அந்நியத் துண்டுகளோடு பொருந்தும் ட்ரெக் செல்களும் நம்மிடம் கொஞ்சம் இருக்கும், போகப்போகப் புதிதாகவும் உருவாகும். தாக்குகிற செல்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவு, அதனால்தான் மருந்து தேவைப்படுகிறது.

ஆனால் ஒரு ட்ரெக் தன் பொருளைக் கண்டுகொண்டால், அதே செல்லின் மேல் வேறு துண்டுகளைத் தேடி வரும் தாக்கும் செல்களையும் அடக்கிவிடும். அதன் மேற்பரப்பில் உள்ள சிடிஎல்ஏ-4, எதிரே இருக்கும் செல்லிலிருந்து சிடி80, சிடி86 என்ற தூண்டும் புரதங்களைப் பிய்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, அவை இல்லாமல் டி-செல் முழுதாக விழிக்காது. அப்புறம் ஐஎல்-2. பந்தியில் முதலில் உட்கார்ந்து பாயசத்தைத் தீர்த்துவிடுவது போல, சிடி25 நிறைய வைத்திருக்கும் ட்ரெக், மற்றவற்றுக்கு எட்டுமுன் அதை உறிஞ்சிவிடும். ஐஎல்-10 போன்ற அடக்கும் புரதங்களையும் சுரக்கிறது.

பதில்: வார்டுரவுண்டு

நான் சிறுநீரக மருத்துவத்தில் பயிற்சியில் இருக்கிறேன். மருந்துப் பக்கத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கலே அங்கேதான்.

ட்ரெக் செல் தானாக ஐஎல்-2 தயாரிப்பதில்லை, மற்ற டி-செல்கள் சுரப்பதை நம்பித்தான் வாழ்கிறது. டாக்ரோலிமஸ், கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்து அந்த ஐஎல்-2 உற்பத்தியையே நிறுத்துகிறது. அதாவது உறுப்பைக் காப்பாற்றும் மருந்தே, உறுப்பை ஏற்கப் பழக்கும் செல்களையும் பட்டினி போடுகிறது. அறுவை நேரத்தில் பலருக்குக் கொடுக்கும் பேசிலிக்சிமாப் என்ற மருந்து சிடி25-ஐயே மறைக்கிறது. நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைரோலிமஸ் ட்ரெக் செல்களை அந்த அளவுக்குப் பாதிப்பதில்லை, ஆய்வகத்தில் அவற்றை வளர்க்கவே பயன்படுத்துகிறார்கள். உடனே அதற்கு மாறிவிடலாமே என்று தோன்றும். வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போவது, ரத்தக் கொழுப்பு ஏறுவது, காயம் ஆறத் தாமதம் எல்லாம் அதோடு வரும். சிலருக்குப் பொருந்தும், ஆனால் ட்ரெக் கணக்குக்காக யாரும் மாற்றுவதில்லை.

அண்ணனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: நிராகரிப்பு வலியோடு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கிரியேட்டினின் ஏறும்போது உள்ளே சேதம் நடந்திருக்கும். தானம் கொடுத்தவரின் எச்எல்ஏவுக்கு (செல்களின் மேல் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும் அடையாளப் புரதங்கள்) எதிரான ஆன்டிபாடி ஒருமுறை உருவாகிவிட்டால் அதைத் துடைத்தெடுப்பது மிகக் கடினம்.

பதில்: மலைக்கோட்டை_ரீடர்

மனிதர்களில் இதுவரை நடந்ததில் முக்கியமானவை மட்டும்.

ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்டது: உயிருள்ளவர்களிடம் கல்லீரல் பெற்ற 10 பேருக்கு, தானம் கொடுத்தவரின் செல்களோடு வளர்த்த அடக்கும் செல்களைக் கொடுத்தார்கள். 7 பேர் மருந்தை முழுதாக நிறுத்தினார்கள். மீதி 3 பேருக்குக் குறைக்கும்போதே லேசான நிராகரிப்பு வந்தது, அவர்களுக்கு ஏற்கெனவே தன்தாக்கு கல்லீரல் நோய் இருந்தது. ஆனால் கல்லீரல் இயல்பிலேயே பொறுத்துப்போகும் உறுப்பு, கிட்னிக்கு அப்படியே எடுத்துவிட முடியாது.

கிட்னியில் ‘ஒன் ஸ்டடி’ என்ற பன்னாட்டு ஆய்வு 2020-இல் வந்தது. ட்ரெக் உட்படப் பல வகை ஒழுங்குபடுத்தும் செல்களைச் சோதித்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, வைரஸ் தொற்று குறைந்தது, செல் பெற்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஒரே மருந்துக்கு இறங்க முடிந்தது. கவனியுங்கள், ஒரே மருந்து. மருந்தே இல்லாத நிலை அல்ல.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் 2008 ஆய்வு உங்கள் வீட்டுக் கதைக்கு நெருக்கம், எச்எல்ஏ பாதி பொருந்தும் தானம். கிட்னியோடு எலும்பு மஜ்ஜையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 5 பேரில் 4 பேர் மருந்தை விட்டார்கள், ஒருவர் கிட்னியை இழந்தார். அந்த ஒருவரை வீடியோக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். தவிர, இந்த மூன்றுமே மாற்று அறுவையை ஒட்டித் தொடங்கிய சிகிச்சைகள். ஏற்கெனவே அறுவை முடிந்த உங்கள் அண்ணனுக்கு இன்றைக்கு அப்படியே பொருந்தாது.

இப்போது தானம் கொடுத்தவரின் எச்எல்ஏவையே குறிவைக்கும் ஏற்பியை ட்ரெக் செல்லுக்குள் பொருத்தி அனுப்பும் சோதனைகள் தொடங்கியிருக்கின்றன. எனக்கு நம்பிக்கை அதில்தான் அதிகம்.

நெல்லைத்தங்கை: இப்போதுதான் முழுதாகப் புரிகிறது. அண்ணனுக்கு அப்படியே படித்துக் காட்டப்போகிறேன். ட்ரெக் கூட்டும் கஷாயம் என்று ஒருவர் விற்கிறார், அது?

பதில்: வார்டுரவுண்டு

வேண்டவே வேண்டாம். டாக்ரோலிமஸைக் குடலிலும் கல்லீரலிலும் உடைக்கும் நொதியைப் பல மூலிகைகள் தடுக்கலாம் அல்லது தூண்டலாம், ரத்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து. பம்ப்ளிமாஸ் பழமும் அதே காரணத்தால் தவிர்க்க வேண்டியதுதான். அடுத்த முறை போகும்போது டாக்ரோலிமஸ் அளவு, சர்க்கரை, அந்த எச்எல்ஏ ஆன்டிபாடி சோதனை எப்போது செய்ய வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். நடுக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள், அளவைக் கொஞ்சம் திருத்தினாலே பலருக்குக் குறையும்.