ஒயில் பில்டர் ஏறுது ஆனா ஆடுது, போட்டு ஓட்டலாமா?

நானுஓயா தம்பி:
அண்ணேமாரே, நான் நுவரெலியா பக்கம் ஒரு பங்களாவுல தோட்ட வேல பாக்குறேன். இங்க ஏறி ஒக்காந்து ஓட்டுற புல்லு வெட்டுற மெஷின் ஒன்னு இருக்கு, பிரிக்ஸ் எஞ்சின், ரெண்டு சிலிண்டர். ஒயில் மாத்தணும்னு பில்டர் தேடிப் போனா டவுன்ல ஒரு கடையில அதே சைஸ்தான்னு சொல்லி கார் பில்டர் ஒன்ன குடுத்துட்டாங்க, கையால சுத்துனா ஏறுது, ஆனா லேசா ஆடுது. இன்னும் ஸ்டார்ட் பண்ணல. அதோட லீக்ஸ் பாத்திக்கு தண்ணி அடிக்கிற ஹொண்டா பம்பு, ஜீஎக்ஸ் 160, அதுல பில்டர் எங்க இருக்குன்னே தெரியல.

ஹட்டன் மெக்கானிக்:
தம்பி ஸ்டார்ட் பண்ணிறாதீங்க, கழட்டி வைங்க. அந்த எஞ்சின்ல அனேகமா முக்கால் இஞ்சி மரைதான் வரும், அதாவது 19 மில்லிமீட்டர் சொச்சம். சில கார் பில்டர்ல எம் 20 மரை, ஒரு மில்லிமீட்டர் பெருசு, அதனாலதான் ஏறியும் ஆடுது. ஒயில் பிரஷர் வந்தா பிச்சிக்கிட்டு போயிரும், நீங்க பாக்குறதுக்குள்ள ஒயில் பூரா கீழ போயி எஞ்சின் சீஸ் ஆயிரும்.

தலவாக்கலை:
நான் 3 வருசமா கார் பில்டர்தான் போடுறேன், ஒன்னும் ஆகல.

ஹட்டன் மெக்கானிக்:
உங்களுக்கு மரை சரியா அமைஞ்சிருக்கும் அண்ணே. ஆனா மரை மட்டும் பாத்தா பத்தாது, வாஷர் ஒக்கார்ற வட்டம் சரியா இருக்கணும், உள்ள பைபாஸ் வால்வு, அதாவது பில்டர் அடைச்சிக்கிட்டா ஒயில நேரா எஞ்சினுக்கு விடுற வால்வு, எவ்வளவு பிரஷர்ல தொறக்குதுன்னு இருக்கு, படுத்தாப்ல மாட்டுற பில்டர்னா ஒயில் திரும்பி வடியாம புடிக்கிற ரப்பரும் வேணும். அது இல்லாட்டி காலையில ஸ்டார்ட் பண்றப்ப பில்டர் ரொம்புற வரைக்கும் எஞ்சின் ஒயில் இல்லாமத்தான் சுத்தும், ஜனவரி குளிருக்கு ஒயில் வேற கெட்டியா கெடக்கும். அதனால நம்ம பக்கம் எஸ்ஏஇ 30 ஒயில விட, குளிர்ல அவ்வளவு கெட்டியாகாத 10டபிள்யூ-30 ஒயில் நல்லம். தம்பி, எஞ்சின் மேல மொடல், டைப், கோட்னு நம்பர் அடிச்சிருக்கும், அத போட்டோ புடிச்சி காட்டி பில்டர் கேளுங்க.

வெலிமடை விவசாயி:
பம்புல தேடாதீங்க, ஜீஎக்ஸ் 160-க்கு பில்டரே கெடையாது. ஒயில் பம்பும் இல்ல, கனெக்டிங் ராட் அடியில இருக்குற கரண்டி மாதிரி துண்டு ஒயில அள்ளி வீசும், அவ்வளவுதான். அழுக்க புடிக்க ஒன்னும் இல்லாததால ஒயில் மாத்துறதுதான் ஒரே வழி, புதுசுல 20 மணித்தியாலம், பொறகு 100 மணித்தியாலம் இல்லாட்டி 6 மாசம். அரை லீட்டருக்கு கொஞ்சம் கூட புடிக்கும், பெரிய செலவில்ல. சரிவுல வச்சி ஓட்டாதீங்க, 20 பாகைக்கு மேல சாஞ்சா அந்த கரண்டிக்கு ஒயில் எட்டாது. எங்க பாத்தியில அப்பிடித்தான் ஒரு எஞ்சின் போச்சி, இப்ப மொதல்ல மண்ண வெட்டி மட்டமாக்கிட்டுத்தான் பம்ப வைக்கிறது.

நானுஓயா தம்பி:
ரொம்ப நன்றிண்ணே, கழட்டிட்டேன். கழட்டுறப்ப பாத்தா பழைய பில்டரோட ரப்பர் வாஷர் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேலதான் புதுச மாட்டியிருக்கேன்.

ஹட்டன் மெக்கானிக்:
அத கட்டாயம் எடுத்துருங்க, ரெண்டு வாஷர் இருந்தா ஒயில் பீச்சி அடிக்கும். புதுசுல வாஷருக்கு ஒயில் தடவி, தொட்டதும் கையால முக்கால் சுத்து போதும், ஸ்பேனர் போடாதீங்க.