ஜார்ஜ் அழகையா தமிழரா?

கேள்வி: பிபிசியில் மாலை ஆறு மணிச் செய்தி வாசித்த ஜார்ஜ் அழகையா நம்மவரா? பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

பதில் 1: ஆமாம். 1955இல் கொழும்பில் பிறந்தவர். இனப் பிரச்சினை முற்றியதும் குடும்பம் கானாவுக்குப் போனது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில், விடுதியில் தங்கி. 1989இல் பிபிசி.

பதில் 2: வாசிப்பாளர் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு முன்பு அவர் களத்தில் அலைந்த நிருபர். சோமாலியப் பஞ்சத்தில் ஒரு குடிசை வாசலில் நின்ற மனிதர் இவரைப் பார்த்து லேசாகச் சிரித்திருக்கிறார். ஏன் சிரித்தார் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டால், இந்த நிலையில் தன்னைப் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சமாம். அந்த ஆளின் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டதாகப் பின்னால் எழுதினார். எனக்கு அவருடைய எந்தச் செய்தியையும்விட இதுதான் நினைவில் நிற்கிறது.

பதில் 3: 2014இல் பெருங்குடல் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில். ஸ்காட்லாந்தில் 50 வயதிலேயே பரிசோதனை, இங்கிலாந்தில் அப்போது 60. இவருக்கு 58! இந்த வித்தியாசத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். சிகிச்சைக்கு நடுவிலும் செய்தி வாசிக்கத் திரும்பி வந்தார். 2023 ஜூலையில் காலமானார்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அந்தச் சிரிப்பு எந்தப் புத்தகத்தில் வருகிறது?

பதில் 2: ‘எ பேசேஜ் டு ஆஃப்ரிக்கா’.