சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆனவர்களின் வாழ்க்கைத் தரத்தை எந்த வினாத்தாளைக் கொண்டு அளப்பது?

கேள்வி (முதுநிலைச் செவிலியர் மாணவி):

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் ஆன பெண்களின் வாழ்க்கைத் தரத்தைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கியூஎல்கியூ-சி30 (சுருக்கமாக சி30) வினாத்தாளைப் பயன்படுத்தும்படி என் வழிகாட்டி சொல்கிறார். முன்னோட்டமாகச் சிலரிடம் கொடுத்துப் பார்த்தேன். வாந்தி, பசியின்மை, மலச்சிக்கல் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லவே இல்லை’ என்று விறுவிறுவென்று குறித்துவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் மனத்தில் இருப்பதைப் பேசத் தொடங்கினார்கள். மதிப்பெண் நன்றாக இருக்கிறது. பேச்சு வேறு எதையோ சொல்கிறது. இந்த வினாத்தாள் போதுமா? எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கலாமா?

மறுமொழி (மருத்துவப் புள்ளியியல்):

1993இல் வெளியான சி30, புற்றுநோய்ச் சிகிச்சைச் சோதனைகளில் பங்கேற்பவர்களை மனத்தில் வைத்து உருவானது. பெரும்பாலான கேள்விகள் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. கீமோ நடக்கும் காலத்தில் அது மிகவும் பொருத்தமான கருவி. ஆனால் நோய் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தையோ, உடல் தோற்றம் பற்றிய மனக்குறையையோ அது நேரடியாகக் கேட்பதில்லை. கேட்காததற்கு மதிப்பெண்ணும் இல்லை என்பதால்தான் உங்கள் தாளும் அவர்களின் பேச்சும் ஒத்துப்போகவில்லை.

ஒரே மதிப்பெண்ணாகத் தொகுக்கும் முறை பின்னாளில் வந்தது உண்மைதான். ஆனால் பணச்சிரமம் பற்றிய கேள்வியும், மொத்தத்தில் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் கடைசி இரண்டு கேள்விகளும் அந்தத் தொகுப்பில் சேர்வதில்லை. உங்கள் பங்கேற்பாளர்களுக்கு அவைதான் முக்கியமாக இருக்கக்கூடும். எனவே களைப்பு, வலி, உடல் செயல்திறன் போன்ற ஒவ்வோர் அளவுகோலையும் தனித்தனியாகவே காட்டுங்கள்.

அப்படிக் காட்டும்போது திசையைக் கவனியுங்கள். களைப்பு பற்றிய மூன்று கேள்விகளுக்கு, 1 (இல்லவே இல்லை) முதல் 4 (மிக அதிகம்) வரையுள்ள விடைகளில் ஒருவர் 2, 2, 3 என்று குறித்தால் சராசரி 2.33, அதிலிருந்து 1ஐக் கழித்து, 3ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44 வரும். அறிகுறிகளில் இந்த எண் கூடக் கூடத் துன்பம் அதிகம். செயல்திறன் அளவுகோல்களிலோ எண் கூடினால் நலம். இரண்டையும் விளக்கமின்றி ஒரே வரைபடத்தில் போட்டால், படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

மறுமொழி (சிகிச்சை முடித்தவர்):

அந்தத் தாளை நானும் நிரப்பியிருக்கிறேன். ஸ்கேனுக்கு முந்தைய நாட்களில் எனக்குத் தூக்கமே வராது. ஒவ்வொரு சிறு வலியும் நோய் திரும்பிவிட்டதோ என்று நினைக்க வைக்கும். முடிவு நல்லபடியாக வந்த பிறகு, அடுத்த சந்திப்பில் தாளைக் கையில் கொடுத்தால், ‘கடந்த ஒரு வாரத்தில்’ என்ற கேள்விக்கு நிம்மதியாக இருந்தேன் என்றுதான் எழுத முடியும். ஆகவே எந்த நாளில் கொடுக்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து குறித்து வையுங்கள்.

இன்னொன்று. ‘சிகிச்சை முடிந்தவர்’ என்று எங்களை எழுதுகிறீர்கள். எங்களில் பலர் ஹார்மோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். காலையில் மூட்டுகள் இறுகிப்போய், டம்ளரைப் பிடிக்கவே சிரமமாக இருக்கும் நாட்கள் உண்டு. அது நோயின் மிச்சமா, மாத்திரையின் விளைவா, வயதா என்று தாள் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

மறுமொழி (புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்):

மேலே சகோதரி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சி30ஐ விட்டுவிட வேண்டியதில்லை. மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அது உதவும். அதனோடு மார்பகப் புற்றுநோய்க்கென உள்ள பிஆர்23 என்ற துணை வினாத்தாளைச் சேர்த்தால் கைவீக்கம், உடல் தோற்றம், தாம்பத்தியம் ஆகியவையும் இடம்பெறும். சிகிச்சைக்குப் பிந்தைய காலத்துக்கென்றே உருவான கியூஎல்ஏசிஎஸ் என்ற வினாத்தாள் 47 கேள்விகளைக் கொண்டது; கடந்த நான்கு வாரங்களைக் கேட்கிறது. நோய் மீண்டும் வருமோ என்ற கவலை, குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்துவிடுமோ என்ற கவலை, நோய்க்குப் பின் வாழ்வில் நேர்ந்த நல்ல மாற்றம் ஆகியவற்றுக்கு அதில் தனி இடம் உண்டு. எதை எடுத்தாலும் நீங்களாகவே மொழிபெயர்த்துக்கொள்ளாமல், உரியவர்களிடம் அனுமதி பெற்று, சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: நடக்கவே சிரமப்படும் சிலர்கூட ‘வாழ்க்கை மிக நன்றாக இருக்கிறது’ என்று குறிக்கிறார்கள். இதைப் பிழை என்று ஒதுக்கிவிடலாமா?

மறுமொழி (மருத்துவப் புள்ளியியல்):

ஒதுக்காதீர்கள். கடும் நோயைக் கடந்தவர் எதை ‘நன்று’ என்று கொள்கிறார் என்பதே மாறிவிடுகிறது. எதற்கு முதலிடம் தருகிறார் என்பதும் மாறுகிறது. வாழ்க்கைத் தர ஆய்வாளர்களான ஸ்பிராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் 1999இல் இதைக் கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்கள். அப்படிக் குறிப்பவர் பொய் சொல்லவில்லை. உங்கள் அளவுகோலைப் போல அவருடைய அளவுகோல் ஓரிடத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான். மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, ‘சிகிச்சைக்கு முன் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்?’ என்றும் சேர்த்துக் கேட்டால், அந்த நகர்வு ஓரளவு தெரியவரும்; நினைவு தடுமாறும் என்ற குறை அதிலும் உண்டு. கடைசியாக, ஆய்வுக்கு அழைத்தும் வராதவர்களின் எண்ணிக்கையையும், தெரிந்த அளவுக்குக் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். மிகவும் முடியாதவர்கள்தான் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் விடுபட்டால் சராசரி தானாகவே உயர்ந்துவிடும்.