ரெட் சாக்ஸ் கைவிட்ட ஆட்டக்காரர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

குவின்சி, மாசசூசெட்ஸ்

மூக்கி பெட்ஸ், ஸாண்டர் போகார்ட்ஸ், ரஃபேல் டெவர்ஸ். 2018-ல் 108 ஆட்டங்களை வென்று உலகத் தொடரையும் தூக்கிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியில் இந்த மூவரும் இருந்தார்கள். மூவரையும் பதின்ம வயதிலேயே கண்டுபிடித்து, கீழ்நிலை அணிகளில் ஆட வைத்து வளர்த்ததும் ரெட் சாக்ஸ்தான். 2025 சீசனை ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸிலும், ஒருவர் சான் டியேகோவிலும், ஒருவர் சான் பிரான்சிஸ்கோவிலும் முடித்தார்கள். கலிஃபோர்னியாவின் மூன்று அணிகளுக்கு ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். எங்கள் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் ஒருவர்கூட மிச்சம் இல்லை.

நிர்வாகம் ஏன் இப்படிச் செய்தது என்று பத்திரிகைகளில் போதுமான அளவு அலசிவிட்டார்கள். இங்கே நான் கேட்பது வேறு. இந்தச் செய்திகள் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள், யாரோடு பேசினீர்கள், கண்ணால் என்ன பார்த்தீர்கள்? முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில் பெட்ஸை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐரிஷ் குடும்பம், மூன்று தலைமுறையாக ரெட் சாக்ஸ் ரசிகர்கள். பெரும் நட்சத்திரமான பேப் ரூத்தைப் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது 1919 டிசம்பரில். 1918-ல் கோப்பை வென்ற அணி, அடுத்த கோப்பைக்கு 2004 வரை, 86 வருடம் காத்திருந்தது. அவருடைய அப்பா அந்த இடைவெளிக்குள்ளேயே பிறந்து, அதற்குள்ளேயே இறந்தும் போனவர். "நூறு வருஷம் கழித்துத் திரும்பவும் அதையே செய்கிறார்கள்" என்றார் பெரியவர். வேறெதுவும் பேசவில்லை. கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பெட்ஸ் யார் என்று தெரியாதவர்களுக்கு: 2018-ல் பேட்டிங் சராசரி .346, 32 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு, அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது. ரைட் ஃபீல்டில் அவர் பந்தைத் துரத்துவதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கலாம். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி, பெரிய தொகை கேட்பார், சம்பளப் பட்டியல் சொகுசு வரி (மொத்தச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் அணி கட்டும் வரி) வரம்பைத் தாண்டிக்கொண்டே போகிறது. நிர்வாகம் சொன்ன காரணங்கள் இவ்வளவுதான். வட்டிக்குப் பயந்து வீட்டையே விற்ற கதை. அவரோடு பிட்சர் டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பி, பிரைஸின் பாக்கிச் சம்பளத்தில் பாதியையும் ரெட் சாக்ஸே ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். அதே வருடம் ஜூலையில் டாட்ஜர்ஸ் பெட்ஸுக்கு 12 வருடத்துக்கு 36.5 கோடி டாலர் கொடுத்தது. 2020, 2024, 2025 என்று அவர் அங்கே மூன்று கோப்பை வாங்கிவிட்டார்.

சரி, டெவர்ஸுக்கு வருகிறேன். 2025 ஜூன் 15, தந்தையர் தினம். ஃபென்வேயில் யாங்கீஸை 2-0 என்று முடித்து மூன்று ஆட்டத் தொடர் முழுவதையும் வாரிக்கொண்டோம். டெவர்ஸ் அன்றும் ஒரு ஹோம் ரன் அடித்தார். மகளோடு போயிருந்தேன். ஆட்டம் முடிந்து, சாப்பிட்டுவிட்டு, ரெட் லைன் ரயிலில் வந்துகொண்டிருந்தபோது பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் ஒளிர்ந்தன. டெவர்ஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குப் போய்விட்டார்! எதிரே இருந்த கல்லூரிப் பையன்கள் அது பொய்ச் செய்தி என்று அடித்துச் சொன்னார்கள். டெவர்ஸ் பனியன் போட்டிருந்த என் மகள் என்னைத்தான் பார்த்தாள். 2023 ஜனவரியில் அவருக்கு 10 வருடத்துக்கு 31 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டபோது, "இவர் எங்கேயும் போக மாட்டார், தைரியமாக வாங்கிக்கொள்" என்று நான் சொல்லி வாங்கிய பனியன் அது.

முதல் பேஸில் ஆடச் சொன்னபோது அவர் மறுத்தது பிடிவாதம்தான். ஆனால் அது எங்கே ஆரம்பித்தது? 2025 பிப்ரவரியில் அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்து டெவர்ஸின் மூன்றாம் பேஸைக் கொடுத்தார்கள். இவரைப் பேட் மட்டும் பிடிக்கும் டிஹெச் ஆக்கினார்கள். மே மாதம் முதல் பேஸில் ஆடிய ட்ரிஸ்டன் காஸஸின் முழங்காலில் தசைநார் அறுந்ததும், இனி முதல் பேஸுக்குப் போ என்றார்கள். பத்து வருட ஒப்பந்தம் போட்ட ஆளிடம் பேசுகிற முறையா இது? கடைசியில் பிரெக்மனும் ஒரே சீசன் ஆடிவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி சிகாகோ கப்ஸுக்குப் போய்விட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு பெரிய ஆட்டக்காரரைக் கொடுத்தால், பதிலுக்கு வாங்கியதாவது நிலைக்க வேண்டாமா?

வூஸ்டர், மாசசூசெட்ஸ்

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் நேரடி சாட்சி இருக்கிறது. ரெட் சாக்ஸின் டிரிபிள்-ஏ அணி, அதாவது பெரிய அணிக்கு ஒரு படி கீழே உள்ள அணி, 2021 முதல் எங்கள் ஊர் போலார் பார்க்கில்தான் ஆடுகிறது. டிக்கெட் விலை குறைவு, கூட்டமும் அதிகம் இருக்காது. நாளைய நட்சத்திரங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம் என்று வேலை முடிந்ததும் நானும் மனைவியும் போவோம்.

பெட்ஸுக்குப் பதிலாக வந்த டவுன்ஸைப் பார்க்கத்தான் முதலில் போனோம். யாங்கீஸ் நட்சத்திரம் டெரக் ஜீட்டரின் பெயரை வைத்துக்கொண்டு பாஸ்டனில் ஆட வந்த பையன்! அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. டக்அவுட்டை ஒட்டி நிற்கும் குழந்தைகளுக்குப் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஆனால் வேகப்பந்து வந்தால் பேட் எப்போதும் அரை நொடி தாமதம். இங்கே இரண்டு சீசன்களிலும் அவர் சராசரி .200-ஐத் தொடவில்லை. ஒருநாள் மூன்றாவது முறையாக ஸ்ட்ரைக்-அவுட் ஆகித் தலைகுனிந்து திரும்பியபோது, எங்களுக்குப் பின்னால் யாரோ "இதுக்கா மூக்கியைக் கொடுத்தீங்க" என்று கத்தினார்கள். அந்தப் பையன் என்ன செய்வான்? அந்தச் சுமையை அவன் தலையில் ஏற்றியது யார்? என் மனைவிக்கு பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது. அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

2022-ல் பெரிய அணிக்கு 14 ஆட்டங்கள் ஆடினார். டிசம்பரில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள், வாஷிங்டன் நேஷனல்ஸ் எடுத்துக்கொண்டது. வெர்டூகோவை அடுத்த வருடக் கடைசியில் யாங்கீஸுக்கே கொடுத்தார்கள். மிஞ்சியது வாங் ஒருவர். நல்ல கேட்சர், உழைப்பாளி. ஆனாலும் பெட்ஸுக்கு ஈடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹூஸ்டன், டெக்சாஸ்

எனக்கு பாஸ்டன் பைத்தியம் மாணவனாக இருந்த காலத்தில் பிடித்தது. இப்போது ஹூஸ்டனில் வேலை. ரெட் சாக்ஸ் இங்கே ஆட வந்தால் பயிற்சி பார்க்கவே சீக்கிரம் போய்விடுவேன்.

2022 ஆகஸ்ட் 1 அன்றும் போயிருந்தேன். பேட்டிங் பயிற்சி நடக்கிறது, கிறிஸ்டியன் வாஸ்கெஸ் மைதானத்தில் இருக்கிறார். திடீரென்று ஆட்கள் அவரைச் சூழ்ந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். எனக்கு முதலில் புரியவே இல்லை. பக்கத்தில் இருந்த ஆஸ்ட்ரோஸ் ரசிகர் போனைக் காட்டினார்: வாஸ்கெஸை ஆஸ்ட்ரோஸுக்கு, அதாவது அன்று எதிரே ஆட இருந்த அணிக்கே, கொடுத்துவிட்டார்கள். 2008-ல் ரெட் சாக்ஸ் தேர்ந்தெடுத்து, 2018-ல் கோப்பை வென்ற கேட்சர். ரெட் சாக்ஸ் பயிற்சி உடையிலேயே நிருபர்களுக்கு நடுவில் நின்று, இது வியாபாரம்தானே என்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எதிரணிப் பக்கம் நடந்தார். அந்த ஆஸ்ட்ரோஸ் ரசிகர் கொண்டாடவில்லை. என் தோளில் கை வைத்து, "நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

சொன்னபடியே செய்தார்கள். அந்த வருட உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நான்கு பிட்சர்கள் சேர்ந்து போட்ட நோ-ஹிட்டருக்குக் கேட்சர் வாஸ்கெஸ்தான். கோப்பையும் அவர்களுக்கே.

ஸ்பிரிங்ஃபீல்ட், மாசசூசெட்ஸ்

2023 ஜனவரியில் ரசிகர்களுக்கான குளிர்கால விழாவை எங்கள் ஊரில் நடத்தினார்கள். உரிமையாளர் ஜான் ஹென்றி, அணியைத் தேர்வு செய்யும் பொறுப்பில் இருந்த ஹைம் ப்ளூம் எல்லாரும் மேடையில். என் பக்கத்தில் மெய்ன் மாநிலத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு தம்பதி. அந்த அம்மா போகார்ட்ஸின் பனியன் போட்டிருந்தார். போகார்ட்ஸ் சான் டியேகோவுக்கு 11 வருடம், 28 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "2019-ல் சந்தை விலைக்குக் குறைவாக வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்ற பையன் அவன்" என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மைதான். அருபாவிலிருந்து 16 வயதில் வந்து, 2013, 2018 இரண்டு கோப்பைகளிலும் ஆடியவர்.

மேடையில் ஹென்றியின் பெயரைச் சொன்னதும் கூட்டம் "பூ..." என்று கத்தியது. ப்ளூமுக்கும் அதே. நான்கு கோப்பை கொண்டுவந்த உரிமையாளரை, காசு கொடுத்து வந்த ரசிகர்களே அப்படிக் கத்தி வரவேற்றார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். டெவர்ஸின் புது ஒப்பந்தம் அறிவித்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதுவும் யாரையும் ஆற்றவில்லை.

இன்னொன்று. 2022-ல் சொகுசு வரி வரம்பான 23 கோடி டாலரைக் கொஞ்சம் தாண்டினார்கள், டிவிஷனில் கடைசி இடத்திலும் முடித்தார்கள். அந்த வரியால், போகார்ட்ஸ் போனதற்கு ஈடாகக் கிடைத்த, புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்பும் நான்காம் சுற்றுக்குப் பின்னால் தள்ளிப்போனது. பெட்ஸை அனுப்பியது வரிக்காக. பிறகு வரியையும் கட்டி, கடைசி இடத்தையும் வாங்கி, போகார்ட்ஸையும் இழந்தார்கள்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

டெவர்ஸ் இங்கே வந்த அதே வாரக் கடைசியில் ரெட் சாக்ஸும் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆட வந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். பழைய அணிக்கு எதிராக ஹோம் ரன் அடித்தார், ஜயன்ட்ஸ் 3-2 என்று வென்றது. எழுந்து கைதட்டுவதா, உட்காருவதா என்று தெரியாமல் எங்கள் வரிசையில் ரெட் சாக்ஸ் தொப்பி போட்ட எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் எழுந்து தட்டினோம்.

அந்த சீசனில் அவர் இரண்டு அணிகளுக்குமாக 163 ஆட்டங்கள் ஆடினார். சீசன் 162 ஆட்டம்தான். அணி மாறியதால் ஒன்று கூடுதல். மனம் கெட்டுப்போன ஆள் ஒருநாளும் ஓய்வு எடுக்காமலா ஆடுவார்?

சாமர்வில், மாசசூசெட்ஸ்

எல்லாரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், கொஞ்சம் மறுத்துப் பேச அனுமதியுங்கள். ஹூஸ்டன் நண்பர் சொன்ன அதே வாஸ்கெஸ் டிரேடில் வந்தவர்தான் வில்யர் அப்ரேயு. 2024, 2025 இரண்டிலும் ரைட் ஃபீல்டுக்கான தங்கக் கையுறை அவருக்குத்தான். பிட்சர் கேரட் க்ரோஷேவை சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து வாங்கி, 6 வருடத்துக்கு 17 கோடி டாலர் கொடுத்துக் கட்டிப்போட்டார்கள். 2025 பிளேஆஃபில் யாங்கீஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தை நண்பர்களோடு ஒரு பாரில் பார்த்தேன். க்ரோஷே 117 பந்து வீசி, 11 பேரை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கி, எட்டாவது இன்னிங்ஸ் வரை நின்றார். 3-1 என்று வென்றதும் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டோம். இளம் ஆட்டக்காரர் ரோமன் ஆன்தனிக்கும் முதல் சீசனிலேயே 8 வருட ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். பழைய காயத்தையே கீறிக்கொண்டிருந்தால் இந்தப் பையன்களை யார் பார்ப்பது?

குவின்சி, மாசசூசெட்ஸ்

சாமர்வில் நண்பரே, அப்ரேயு விஷயத்தில் முழுக்க ஒத்துக்கொள்கிறேன். க்ரோஷேவை எனக்கும் உயிர். ஆனால் அந்தத் தொடரின் மீதி இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறினோமே. மூன்றாவதில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 4-0. நம்மை எட்டு இன்னிங்ஸ் அடக்கிய கேம் ஷ்லிட்லர், இங்கே பக்கத்து ஊரான வால்போலில் வளர்ந்து, நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பையன். அன்று டெவர்ஸின் பேட் ஒன்று நம்மிடம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் எப்படி இருப்பது?

டெவர்ஸுக்குப் பதிலாக வந்தவர்களைப் பாருங்கள். ஜோர்டன் ஹிக்ஸ் பந்து வீச வந்தாலே ஃபென்வேயில் எல்லாரும் தலையில் கை வைத்தோம். ஜேம்ஸ் டிப்ஸை ஆறு வாரத்தில் டஸ்டின் மேவுக்காக டாட்ஜர்ஸுக்கே கொடுத்துவிட்டார்கள். பிட்சர் கிறிஸ் சேலை மறந்துவிட்டோமா? 2023 கடைசியில் 1.7 கோடி டாலரும் சேர்த்து அட்லாண்டாவுக்கு அனுப்பினோம். அடுத்த வருடமே 18 வெற்றி, 225 ஸ்ட்ரைக்-அவுட், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பதிலுக்கு வந்த வான் கிரிஸம் அந்த சீசனில் 31 ஆட்டம்தான் ஆட முடிந்தது. சேலை அனுப்பியபோது, இந்த முறை முழு வேகத்தில் இறங்குவோம் என்று அணியின் தலைவர் டாம் வெர்னர் சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆன்தனிக்கு ஒப்பந்தம் சீக்கிரம் கொடுத்தது சரியான வேலை. பெட்ஸுக்கும் போகார்ட்ஸுக்கும் இதே வேகம் காட்டியிருக்க வேண்டும். க்ரோஷேவின் ஒப்பந்தத்தில் 2030-க்குப் பிறகு விலகும் உரிமை இருக்கிறது. அந்த வருடக் குளிர்காலம் வரை உட்கார்ந்திருக்காமல் 2028-லேயே அவரோடு பேசத் தொடங்குங்கள் என்று அணி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். உங்களில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள், புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை இங்கே போடுங்கள்.